சினைப்பைப் புற்றுக்கு இரண்டு மருந்துகள்: ஒன்று நிலைத்தது, ஒன்று தடுமாறியது

புதுக்கோட்டைப் பக்கம் அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ ஒரு பெண்ணுக்கு மாதக்கணக்கில் வயிறு உப்புசமாக இருந்தால் முதலில் கிடைப்பது கேஸ் மாத்திரைதான். வயிற்றில் நீர் கோத்து, ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் எடுக்கும்போது சினைப்பைப் புற்று பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தைத் தொட்டிருக்கும். பிறகு அறுவை, கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் கீமோ. முதல் சுற்றில் பலருக்குக் கட்டி நன்றாகவே வற்றும். ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்குத் திரும்ப வரும். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது கையில் இருந்தவை பெரும்பாலும் அறுவையும் கதிர்வீச்சும்தான். திரும்பி வரும் இந்த நோயை மடக்க அதற்குப் பின் வந்த முயற்சிகளில் எச்டாக் தடுப்பான்களையும் பார்ப் தடுப்பான்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எச்டாக் என்பது ஹிஸ்டோன் டீஅசிட்டைலேஸ் என்னும் நொதிகளின் சுருக்கம். டிஎன்ஏ இழை ஹிஸ்டோன் புரத உருண்டைகளில் நூல்கண்டுபோலச் சுற்றிக் கிடக்கிறது. அசிட்டைல் ஒட்டினால் சுற்று தளரும், மரபணு பேசும். எச்டாக் அந்த அசிட்டைலைக் கழற்றிவிட, சுற்று இறுகி மரபணு ஊமையாகிறது. கட்டியை அடக்கும் மரபணுக்களைப் புற்று இப்படி வாயடைக்கிறது என்றால், நொதியைத் தடுத்து அவற்றை மீண்டும் பேசவைக்கலாம் என்பது கணக்கு. பார்ப் தடுப்பான் நேரெதிர் வழி: எதையும் எழுப்புவதில்லை, பார்ப் நொதியைத் தடுத்து, டிஎன்ஏ பழுதுபார்க்கும் ஒரு வழியை அடைக்கிறது. பிஆர்சிஏ மரபணு கெட்ட செல்லுக்கு இன்னொரு வழி ஏற்கெனவே போய்விட்டது. இரண்டும் அடைபட்டால் அது சாகிறது. 2005-இல் இது ஆய்வுக்கூடத்தில் தெளிவானது.

எச்டாக் தடுப்பானான வோரினோஸ்டாட் 2006-இல் தோலைத் தாக்கும் ஒருவகை லிம்போமாவுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்த உற்சாகத்தில் சினைப்பைப் புற்றிலும் சோதித்தார்கள். கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துக்குப் பிறகும் நோய் திரும்பிய 27 பெண்களில் ஒருவருக்கே கட்டி கணிசமாகச் சுருங்கியது. இருவருக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு மேல் நோய் முன்னேறவில்லை. இன்னொரு எச்டாக் தடுப்பானான பெலினோஸ்டாட்டைக் கார்போபிளாட்டினோடு சேர்த்த சோதனையிலும் 27 பெண்கள். பலன் கண்டவர்கள் இருவர். வோரினோஸ்டாட்டை முதல் சுற்றுக் கீமோவோடு கலந்த ஒரு சோதனை, குடலில் ஓட்டை விழுந்த நோயாளிகளால் பாதியில் நின்றது.

பார்ப் தரப்பில் ஓலாபரிப்பின் சோலோ-1 சோதனையில் 391 பெண்கள். மூன்றாண்டு முடிவில் நோய் முன்னேறாமல் உயிரோடு இருந்தவர்கள் மருந்துக் குழுவில் 60 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 27 சதவீதம்.

இந்த எண்களை வைத்து எச்டாக் தடுப்பானைத் தோற்ற மருந்து என்று முடிவுகட்டுவது நியாயமில்லை என்பதே என் கருத்து. சோலோ-1-இல் இருந்தவர்கள் நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள், பிளாட்டினத்துக்கு இணங்கியவர்கள், எல்லோருக்கும் பிஆர்சிஏ மாற்றம் உண்டு. வோரினோஸ்டாட்டைத் தனியாகப் பெற்ற அந்த 27 பேரோ பிளாட்டினத்துக்குப் பிறகும் நோய் திரும்பியவர்கள். யாருக்கு அந்த மருந்து பொருந்தும் என்று சொல்லும் அடையாளம் எதுவும் அன்று கையில் இல்லை. பார்ப்பின் வெற்றியில் பாதி மருந்தினுடையது, பாதி ஆளைத் தேர்ந்த சோதனையினுடையது.

எச்டாக் தடுப்பானுக்கும் அப்படியொரு ஆள் கிடைக்கலாம். சினைப்பையின் தெளிசெல் வகைக் கட்டிகளில் பாதியளவில் ஏஆர்ஐடி1ஏ மரபணு கெட்டிருக்கும்; அவை எச்டாக்6 நொதியைத் தடுத்தால் தடுமாறுவதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். பிஆர்சிஏ நன்றாக இருக்கும் செல்லிலும் வோரினோஸ்டாட் பழுதுபார்ப்பைக் குலைப்பதால் ஓலாபரிப்புக்கு அது இணங்குகிறது என்பது ஆய்வுக்கூடச் செய்தி. இரண்டும் நோயாளியிடம் நிரூபணமாக வேண்டியவை.

அதுவரை புதுக்கோட்டைப் பெண்ணுக்கு உடனே பயன்படுவது பிஆர்சிஏ பரிசோதனை. சினைப்பைப் புற்றின் அதிதீவிரச் சீரஸ் வகையில் நான்கிலோ ஐந்திலோ ஒருவருக்கு இந்த மாற்றம் இருக்கக்கூடும். ஓலாபரிப் தரலாமா என்பதைத் தீர்மானிக்க இந்தப் பரிசோதனை உதவும். பிறவியிலேயே வந்த மாற்றமானால் அக்கா, தங்கை, மகளுக்கும் அது இருக்க வாய்ப்புண்டு. கீமோ தொடங்கும் நாளிலேயே இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கவேண்டும். மருத்துவர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், கூட வரும் கணவரோ மகனோ கேட்டாலும் போதும்.