கிழக்கு இரண்டாம் தெருவின் புகலிடம்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பெரியோர் சொல்லிவைத்த வாக்கின் ஆழத்தை, வளையே இல்லாதவரிடம் அல்லவா கேட்டறிய வேண்டும்! நியூயார்க் நகரின் கிழக்கு இரண்டாம் தெருவில், 213 என்னும் இலக்கமிட்ட பாழ்மனை ஒன்றில் 1970-ஆம் ஆண்டின் இறுதியில் குடிபுகுந்தோர் அத்தகையோர். அந்நாளில் ஓரினக் காதலரென்றோ திருநங்கையென்றோ தெரிந்த மாத்திரத்தில் முதலாளி வேலையினின்று நீக்கினாலும், வீட்டுக்காரர் மூட்டை முடிச்சுகளை வீதியில் வைத்தாலும், ஏன் என்று கேட்க அந்நகரில் ஒரு சட்டமும் இல்லை. வேலை போனால் வாடகைக்கு வழியில்லை. விலாசமற்றவரை நம்பி மறுபடி வேலை தருவாரும் இல்லை. இந்தச் சுழலில் அகப்பட்டோருக்கு நடைபாதையே கிருஹமாயிற்று.

சில்வியா ரிவேரா மூன்று வயதில் தாயை இழந்து, பதினொரு வயதளவில் தெருவுக்கு வந்தவர். தெருவிலே அவருக்குத் தாய்போல் வாய்த்தவர் மார்ஷா ஜான்சன். இவ்விருவரும் சேர்ந்து தொடங்கிய ஸ்டார் என்னும் சங்கத்தின் முதற் கவலை, தம்மைப் போல் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட சிறுவர் சிறுமியருக்குப் படுக்க ஓர் இடம் என்பதே. கிரீனிச் கிராமப் பகுதியில் கேட்பாரற்று நின்ற ஒரு சரக்கு வண்டியின் பின்பெட்டியே அவர்கள் கண்ட முதல் வீடு. ஒரு நாள் காலை, உள்ளே பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கையிலேயே வண்டி நகரத் தொடங்க, அலறியடித்துக் குதித்தவர் போக, உறக்கம் கலையாத ஒரு பிள்ளை கலிபோர்னியாவை நோக்கிப் போய்விட்டதாகச் சொல்வர். அந்தப் பிள்ளையின் விழிப்பு எங்கே, எத்தகைய திகிலோடு நேர்ந்ததோ என்று நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு பதறுகிறது.

அதன் பின்னரே இரண்டாம் தெரு மனை வாடகைக்குக் கிடைத்தது. மின்சாரமும் குளிர்காயும் வசதியும் அற்ற அவ்விடத்தை அவர்களே தட்டிக் கொட்டிச் சீர்செய்தார்கள். வாடகைக்கென்று நடன விழா நடத்திப் பொருள் திரட்டினார்கள். அது போதாதபோது, இளையோர் உடலை விற்கும் நிலைக்கு மீண்டும் ஆளாகலாகாது என்பதற்காகவே, மூத்தோர் தாம் இரவில் வீதிக்குப் போய் ஈட்டி வந்தார்கள். எழுத்தறியாத பிள்ளைகளுக்கு மாடியில் ஒரு பள்ளி வைக்கவேண்டும் என்பது சில்வியாவின் மனோரதம். அவருக்கு அப்போது வயது பத்தொன்பது! தன் தலைக்கே கூரை நிச்சயமில்லாத ஒருவர் பிறர் தலைக்குக் கூரை தேடிய இச்செயலினும் பெரிய தருமத்தை நான் அறியேன். ஆயினும் வாடகைப் பாக்கி ஏறிற்று. 1971-இன் நடுவில் எல்லோரும் வெளியேற்றப்பட்டனர்.

வேலையிலும் வீட்டிலும் ஓரினக் காதலருக்கு இழைக்கப்படும் பாரபட்சத்தைத் தடுக்கும் சட்டம் அந்நகரில் 1986-இல் பிறந்தது. திருநங்கையர் அதில் விடுபட்டனர். 1992-இல் ஹட்சன் ஆற்றில் மார்ஷாவின் உடல் மிதந்தது. சில ஆண்டுகளில் சில்வியா அவ்வாற்றங்கரையின் கைவிடப்பட்ட படகுத்துறையிலேயே நிராதரவாய்க் கிடந்தார்.

புருக்ளினில் ரஸ்டி மே மூர், செல்சி குட்வின் என்னும் இணையர், 1995-இல், பழைய ஸ்டார் இல்லத்தையே முன்மாதிரியாகக் கொண்டு தம் வீட்டைத் திருநங்கையருக்குத் திறந்துவிட்டிருந்தனர். டிரான்சி இல்லம் என்று அதற்குப் பெயர். தாம் வாழ்ந்தறியாத அமைதியைச் சில்வியா அங்கேதான் கண்டார். ஜூலியா மர்ரி என்னும் துணையும் அவ்வீட்டிலேயே வாய்த்தார். 2002 பிப்ரவரியில் மருத்துவமனையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த வேளையிலும், உரிமைச் சட்டத்தில் திருநங்கையரை விட்டுவிடலாகாது என்று, பார்க்க வந்த தலைவர்களிடம் அவர் வாதாடிக்கொண்டிருந்தார். திருநங்கை என்பதற்காக ஒருவருக்கு வீடு மறுக்கலாகாது என்னும் நகரச் சட்டம் அவ்வாண்டு ஏப்ரலில் நிறைவேறியது.