'லைன்' என்ற சின்னச் சொல்லின் பெரிய சரித்திரம்



ஆங்கிலம் என்றாலே நம் பிள்ளைகளில் பலருக்கு ஓர் அச்சம் இருக்கிறது. "அது நமக்கு வராதுங்க ஐயா" என்று முதலிலேயே கையை விரித்து விடுகிறார்கள். ஆனால் தோட்டத்தில் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டி கூட நூறு தடவை சொன்ன ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அதை ஆங்கிலம் என்று அந்தப் பாட்டி நினைத்ததே இல்லை. அந்தச் சொல்தான் 'லைன்'. ஆங்கிலத்தில் எழுதினால் நான்கே எழுத்து. அதற்குள் எத்தனை பொருள், எத்தனை சரித்திரம் என்பதைச் சற்றே பார்ப்போம், வாருங்கள்!

பிறந்தது ஒரு நூலில்

ஆளி விதை என்று ஒரு விதை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அந்த ஆளிச் செடியின் தண்டிலிருந்து நார் எடுத்து நூல் திரிப்பது மேல் நாட்டாரின் பழைய தொழில். அச்செடிக்கு லத்தீன் மொழியில் 'லினும்' என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் 'லினேயா'. இதுவே நம் 'லைன்' என்ற சொல்லுக்குத் தாய்.

ஆளி நாரில் நெய்த துணி 'லினன்'. சட்டைக்கு உள்பக்கம் அந்தத் துணியை வைத்துத் தைத்ததால் அது 'லைனிங்'. ஆளி விதை எண்ணெயைக் கொண்டு 1860-களில் இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் என்பவர் செய்த தரை விரிப்பு 'லினோலியம்'. தையற்கடை அக்காளும் தரைக்கு விரிப்புப் போடுகிறவரும் ஒரே செடியின் பெயரைத்தான் உச்சரிக்கிறார்கள்!

ஒரு சொல்லுக்கு எத்தனை தமிழ்!

நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கிறது. ஆகவே நேராக நிற்பதெல்லாம் 'லைன்' ஆயிற்று. தாளில் இழுத்தால் கோடு. எழுத்து நிறைந்தால் வரி. செய்யுளில் வந்தால் அடி. ஆட்கள் நின்றால் வரிசை. "லைன்ல நில்லுங்கப்பா!" என்று ஆசிரியர் சத்தம் போடுவது இந்த வகை.

துணி காயப் போட்டால் அதுவே கொடி. மீன் பிடிக்கப் போனால் தூண்டில் நூல். முகத்தில் விழுந்தால் சுருக்கம். பாட்டன், பூட்டன் என்று பரம்பரையைச் சொன்னால் கொடிவழி. "நீ எந்த லைன்ல வேலை பாக்குற?" என்று கேட்டால் தொழில். ரப்பர்த் தோட்டத்தில் மரங்கள் நின்றால் நிரை. நம்மவர் வாயில் அது 'நெரை'. "இன்னிக்கு எனக்குப் பன்னெண்டாம் நெரை" என்று சொன்ன பால்மரத் தொழிலாளி, ஆங்கிலேயன் ஒரே சொல்லில் ஒப்பேற்றுகிற இடத்தில் தனக்கென்று ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை வைத்திருந்தார்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அகராதியில் முதலில் இருக்கும் பொருளை மட்டும் மனப்பாடம் செய்து கொண்டு, எல்லா இடத்திலும் 'கோடு, கோடு' என்று மொழிபெயர்த்தால் விபரீதமாகி விடும். அந்தச் சொல் யாருடைய வாயில், எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

கடலில் ஒரு கோடு

கப்பல் கம்பெனிக்கும் ஆங்கிலத்தில் 'லைன்' என்றுதான் பெயர். குறித்த வழியில் தவறாமல் போய் வருவதால் அப்படி அழைத்தார்கள். பிறகு ஆகாய விமானம் வந்தபோது 'ஏர்லைன்' என்றார்கள். கடலோடிகளோ பூமத்திய ரேகையையே வெறுமனே 'தி லைன்' என்பார்கள்.

கடலில் இன்னொரு கோடும் உண்டு. அது உயிர் காத்த கோடு. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் சில கப்பல் முதலாளிகள் அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றி அனுப்பினார்கள். கப்பல் மூழ்கினாலும் முதலாளிக்கு இன்சூரன்ஸ் பணம் வந்து விடும். மாலுமியின் உயிர் வருமா? சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இந்த அநியாயத்தை எதிர்த்து விடாமல் போராடினார். 1876-ல் சட்டம் பிறந்தது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு போட வேண்டும்; அந்தக் கோடு தண்ணீருக்குள் போகும்படி சரக்கு ஏற்றக் கூடாது. முதலில் கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள். பிறகுதான் அந்த இடத்தையும் சட்டமே நிர்ணயம் செய்தது. அதற்குப் பெயர் 'பிளிம்சால் லைன்'.

1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களுக்கும் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கும் இடையே பல்லாண்டுகள் ஓடிய கப்பல் அது. கடலில் ஓடும் எந்தக் கப்பலுக்கும் இப்படி ஒரு கோடு காவல் நிற்கிறது.

தண்டவாளமும் கண்ணீரும்

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அது தொடங்கி இந்நாட்டு ரயில் பாதைகளை அமைப்பதிலும் பழுது பார்ப்பதிலும் தமிழரின் வியர்வை கலந்திருக்கிறது. ரயில் பாதையும் 'லைன்'தான். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரே வண்டி வரவில்லை, தாராளமாகப் போகலாம் என்று அடுத்த நிலையம் சொல்லும் அனுமதிக்கு 'லைன் கிளியர்' என்று பெயர். அந்தச் சொல் ரயில் நிலையத்தை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தது. ஒரு காரியத்துக்குத் தடையில்லை என்றால் "லைன் கிளியர்டா!" என்பது வழக்கமாயிற்று.

ஆனால் இதே 'லைன்' நம் மக்களின் உயிரையும் குடித்திருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியின் போது, 1942-லும் 1943-லும், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். நல்ல சம்பளம் என்று நம்பிப் போனவர் உண்டு. பலவந்தமாக ஏற்றப்பட்டவரும் உண்டு. காலரா, மலேரியா, பட்டினி, அடி, உதை. போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவே இல்லை. அந்தச் 'சயாம் மரண ரயில்' பாதையில் புதைந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கூட முழுமையாக இல்லை. அடுத்த முறை 'ரயில்வே லைன்' என்று பாடத்தில் படிக்கும்போது, பிள்ளைகளே, அவர்களை ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள்.

சிப்பாய் முகாமிலிருந்து தோட்டத்துக்கு

இப்போது நம் வீட்டு வாசலுக்கே வருவோம். ஆங்கிலேயப் பட்டாளத்தில் கூடாரங்களையும் குடிசைகளையும் வரிசை வரிசையாக அமைப்பார்கள். அந்த வரிசைகளுக்கு 'லைன்ஸ்' என்று பெயர். இந்தியச் சிப்பாய்கள் தங்கிய இடம் 'சிப்பாய் லைன்ஸ்'. சிங்கப்பூரில் ஊட்ரம் பகுதிக்கு அந்தப் பெயரே இருந்தது. 1882-ல் பொது மருத்துவமனை அங்கேதான் குடிபெயர்ந்தது. பினாங்கில் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

தோட்டங்களைத் திறந்த துரைமார்கள் தொழிலாளருக்கும் இதே மாதிரிதான் வீடு கட்டினார்கள். ஒரே நீளக் கூரை. அதன் கீழ் வரிசையாக அறைகள். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். முன்னால் அஞ்சடி. தண்ணீருக்குப் பொதுக் குழாய். இலங்கையின் மலைத் தோட்டங்களிலும் இதே அமைப்புத்தான், இதே பெயர்தான். ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்று எழுதினார்கள். நம்மவர் வாயில் அது 'லயன்' ஆகி, 'லயம்' ஆயிற்று.

பட்டாளத்திலிருந்து வந்தது இது ஒன்று மட்டுமல்ல. விடியுமுன் எழுந்து போய் நின்ற 'பெரட்டு' எது? பட்டாளத்து 'பரேட்' தான்! பெயர் கூப்பிட்டு, ஆள் கணக்கெடுத்து, வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். குடியிருந்தது லைன், காலையில் நின்றது பரேட். தொழிலாளியை ஒரு குடும்பத் தலைவனாகப் பார்க்காமல், எண்ணிக்கையில் ஓர் ஆளாகப் பார்த்த காலத்தை இந்த இரண்டு சொற்களும் நமக்குச் சாட்சி சொல்கின்றன.

லாயமா, லயமா?

குதிரை கட்டுகிற இடம் லாயம். அதுவே லயம் ஆயிற்று என்று சிலர் சொல்வதுண்டு. வீடுகளின் நிலையைக் கண்டு மனம் நொந்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் சொல் அங்கிருந்து வரவில்லை. நாம் குதிரைக் கொட்டடியின் பெயரைச் சுமந்தவர்கள் அல்லர்!

சங்கீதத்தில் லயம் என்றால் தாளத்தின் ஒழுங்கு. அதுவும் தனிச் சொல். எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனாலும் அந்தத் தற்செயல் பொருத்தமாகவே அமைந்து விட்டது. ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த லயம் முழுவதும் அன்று அடுப்பு மூட்டாது. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் லயம் முழுவதும் பந்தல் போட ஓடி வரும். அறை சிறியது, அண்டை அயல் பெரியது. கட்டியவன் வரிசையைத்தான் கட்டினான். அதை ஊராக ஆக்கியவர்கள் நம் தாய் தந்தையர்.

வீட்டுக்கும் கணக்கு வந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று மலேசியாவில் 1966-லும் பின்னர் 1990-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பல லயங்கள் இன்று இல்லை. "லயத்துப் பிள்ளை" என்று சொல்லிக் கொள்ளச் சிலர் கூசுகிறார்கள். கூச வேண்டியது எதற்கு? அந்த வரிசை வீடுகளில் ஏற்றிய மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள்தாமே பின்னால் ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் வந்தார்கள்!

கம்பி போயும் சொல் போகவில்லை

தொலைபேசிக்குக் கம்பி இருந்தது, அதனால் 'லைன்'. இன்று கைப்பேசிக்குக் கம்பி ஏது? ஆனாலும் "இங்க லைன் இல்ல" என்றுதான் சொல்கிறோம். 2020-ல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் 'ஆன்லைன்' ஆயிற்று. லைன் கிடைக்கும் இடம் தேடிப் பிள்ளைகள் அலைந்ததைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுப் பாடத்துக்கு ஆசிரியர் 'டெட்லைன்' கொடுக்கிறாரே, அதன் கதை தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரின் போது, 1864-ல், ஆண்டர்சன்வில் என்ற சிறை முகாமில் கைதிகளைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போட்டிருந்தார்கள். தாண்டினால் காவலன் சுடுவான். அதுதான் அந்தக் காலத்து 'டெட்லைன்'. நல்ல வேளை, நம் ஆசிரியர்கள் மதிப்பெண்ணை மட்டுமே குறைக்கிறார்கள்!

நூலும் நூலும்

முடிவாக ஒரு வார்த்தை. லத்தீன்காரன் நூலிலிருந்து கோட்டையும் வரியையும் பெற்றான். தமிழன் என்ன செய்தான்? அவனும் நூலைத்தான் எடுத்தான். கொத்தனார் சுவர் எழுப்பும்போது 'நூல் பிடித்துப் பார்' என்கிறார். தச்சர் மரத்தின் கோணலைப் போக்க நூல் போடுகிறார். அதைப் போல மனத்தின் கோணலைப் போக்குவது எதுவோ அதற்கும் 'நூல்' என்றே பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். மரத்தின் வளைவைத் தீர்க்கும் நூலோடு அறிவு நூலை ஒப்பிட்டுக் காட்டுகிறது நன்னூல். ஆங்கிலத்தில் நூலிழை வரியோடு நின்றது. தமிழில் அது புத்தகம் வரை வந்தது!

ஆகவே மாணவச் செல்வங்களே, ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். உங்கள் பாட்டி நாள்தோறும் சொன்ன சொல்லே அதில் இருக்கிறது. தமிழை விட்டும் விலகாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் வைத்திருக்கிற மொழி அது.

பெற்றோர்களே, 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்ன காலத்திலிருந்து, லயத்துக்குப் பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளியும் நின்று வந்திருக்கிறது. பல ஊர்களில் லயம் போன பிறகும் பள்ளி நிற்கிறது. இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளையின் கையில் இருப்பது ஒரு நூல். பாட்டன் கப்பலேறி வந்த நாள் தொட்டு அறுந்து போகாமல் நாம் பிடித்துக் கொண்டிருக்கும் இழை அது. வீட்டுக்குப் போனதும் பிள்ளையை அருகில் உட்கார வைத்து, நீங்கள் வாழ்ந்த லயத்தின் கதையைச் சொல்லுங்கள். அது எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காத சரித்திரம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!