சுவரில் ஒரு சொல், பேருந்து நிலையத்தில் ஒரு சொல்

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்த நாள்களில்தான் 'தேவரடியார்' என்ற சொல்லை அதன் இடத்தில் வைத்துப் படித்தேன். ஏதோ ஓர் ஊர்த் தேவரடியார் ஒருவர் கோயிலுக்குத் திருநுந்தாவிளக்கு ஒன்று வைக்கிறார். விளக்கு அணையாமல் எரிய நெய் வேண்டும், நெய்க்கு ஆடு வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூறு கொடுத்திருக்கிறார். ஆடு செத்தாலும் கிழடானாலும் கணக்கில் குறையக் கூடாது, பெற்றுக்கொண்டவர் குட்டிகளைக் கொண்டு ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் பொருள். தொண்ணூறு ஆடு கொடுக்க வசதியுள்ள ஒரு பெண், தன் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்ன பெண். தொகுதியை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போக ஒன்றாம் நம்பர் பேருந்துக்காக நின்றபோது, பக்கத்தில் இரண்டு பேருக்குச் சண்டை. அப்போது விழுந்த சொல்லை இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். எழுதாவிட்டால் கட்டுரையே இல்லை. தேவடியா. காலையில் நான் படித்த அதே சொல், ஒரு ரகரம் தேய்ந்து, மரியாதை முழுவதும் தேய்ந்து.

அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. காவிரிப் பாலத்து நெரிசலில், டீக்கடை வாசலில், படத்தில் 'பீப்' ஒலிக்கு அடியில் உதடசைவாக. தொகுதிகளிலும் அப்படித்தான்: எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு தேவரடியார் எதையோ கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் வசை பெருகிவிட்டதா? இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, கேட்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

இப்படிப் புதிதாக அறிந்தது திரும்பிய பக்கமெல்லாம் தென்படுவதற்கு 2005இல் ஆர்னால்ட் ஸ்விக்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் 'ஃப்ரீக்வென்சி இல்யூஷன்' என்று பெயரிட்டார். அடிக்கடி வருவது போன்ற மயக்கம். மனம் ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுகிறது. கிடைப்பதை மட்டும் எண்ணுகிறது, கிடைக்காத இடங்களை எண்ணுவதில்லை. இதற்கு இன்னொரு பெயர் 'பாடர்-மைன்ஹாஃப்'. ஜெர்மனியின் ஆயுதக் குழு ஒன்றின் பெயரை முதன்முறை கேட்டு, உடனே மறுபடியும் எதிர்கொண்ட ஓர் அமெரிக்கப் பத்திரிகை வாசகர் வைத்தது. உல்ரிக் மைன்ஹாஃப் ஒரு பெண், பத்திரிகையாளர். சம்பந்தமே இல்லாத ஒன்றின்மேல் ஒரு பெண்ணின் பெயர் ஒட்டிக்கொண்டு திரிவது அங்கும் நடக்கிறது.

மயக்கம் என்ற சொல் முதலில் எனக்குக் கோபமூட்டியது. நான் பார்த்தவர்கள் கல்லில் இருக்கிறார்களே! வரலாற்றில் பெண்கள் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்ததல்லவா மயக்கம்? ஆனால் ஸ்விக்கி சொன்னதில் எனக்கும் ஓர் அடி இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் புகழ்பெற்ற கல்வெட்டு, ராஜராஜன் 1014 வாக்கில் குடியமர்த்திய 400 பெண்களைப் பட்டியலிடுகிறது. தென்சிறகு, தலைவீடு என்று வீட்டு வரிசை. எந்தக் கோயிலிலிருந்து வந்தவர். பெயர் நக்கன் சேரமங்கை. ஆளுக்கொரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆய்வேட்டின் முதல் வரைவில் இந்த நானூறு பேரையும் தேவரடியார் என்றே எழுதிவிட்டேன். கல்வெட்டு அவர்களை அப்படி அழைக்கவில்லை. 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்கிறது. நான் தேடிய சொல்லை நானே சுவரில் எழுதியிருக்கிறேன். திருத்துவதற்கு ஒரு வாரம் ஆனது; வெட்கம் இன்னும் போகவில்லை.

கண்ணில் அதிகம் படுகிறதா, உண்மையிலேயே அதிகமா? இந்த இரண்டையும் பிரிக்க எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. லெஸ்லி ஓர் எண்ணினார். 2000இல் வந்த அவருடைய நூல், 850 முதல் 1300 வரையிலான தமிழகக் கல்வெட்டுகளில் கோயில் பெண்களைக் காலவாரியாகப் பிரித்துப் பார்க்கிறது. பிற்காலத்துக் கல்வெட்டுகளே எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும்போது, பெண் பெயர்களும் கூடுதலாகத் தெரிவதில் வியப்பில்லை. எனவே விகிதம் பார்க்க வேண்டும். பார்த்தால், கொடையாளர்களில் மற்றப் பெண்களின் பங்கு குறைந்துவர, கோயில் பெண்களின் பங்கு ஏறுகிறது. அது மயக்கமல்ல. ஆடல் பாடலைவிடக் கொடை தந்தவர்களாகவே அவர்கள் மிகுதியும் பதிவாகியிருக்கிறார்கள் என்பதும், 'தேவதாசி' என்ற சொல் அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் மிக அரிது என்பதும் அவர் எண்ணியதில் தெரிந்தவை. நாட்டியக்காரியாக மட்டுமே அவர்களைக் காணப் பழகிய கண் நமக்கு எங்கிருந்து வந்தது?

ஸ்ரீரங்கத்தில் கோயிலொழுகு அவர்களை 'எம்பெருமானடியார்' என்கிறது. கிழக்கே நிற்கும் வெள்ளைக் கோபுரத்துக்குப் பெயர் தந்தவளாக வெள்ளையம்மாள் என்ற கோயில் பெண்ணைச் சொல்வார்கள்: டெல்லிப் படையெடுப்பின்போது தளபதியை மேலே அழைத்துப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாளாம். கேட்டு வளர்ந்த கதை, எனக்குப் பிடித்த கதை. அதனாலேயே அதைக் கல்வெட்டுக் கணக்கோடு சேர்ப்பதில்லை.

பெருமை பேசப் புறப்படும்போதெல்லாம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் குறுக்கே வந்துவிடுகிறார். அந்த மரபின் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர். 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். 1938 ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தி எதிர்ப்புப் படையில் நடந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. கல்வெட்டுப் பெண்ணின் தொண்ணூறு ஆடுகளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினால் என்ன சொல்லியிருப்பார்? அவர் பார்த்தது ஆடுகளை அல்ல, சிறுமிகளை.

போன பருவத்தில் இதை வகுப்பில் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி வந்தாள். "மேம், நீங்க சொன்னதுலேர்ந்து அது காதுல விழுந்துக்கிட்டே இருக்கு." மயக்கமாக இருக்கலாம், எழுதி வை என்றேன். ஒரு வாரம் குறித்துக்கொண்டு வந்தாள்: எங்கே, யார், யாரைப் பார்த்து. பேருந்து நிறுத்தம், விடுதிச் சாலை, பெட்ரோல் பங்க், அவளுடைய தெரு. கடைசிக் கட்டத்தை விரலால் மேலிருந்து கீழே தொட்டுக் காட்டினாள். எல்லாச் சண்டையும் ஆணுக்கும் ஆணுக்கும். ஓரிடத்தில்கூட எதிரே ஒரு பெண் நிற்கவில்லை.