முழங்கால் மூட்டுத் தேய்மானம்: ஊசி, நுண்துளைச் சிகிச்சைகளின் வரலாறு

முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்பது, மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு சிறிது சிறிதாகத் தேய்ந்து, வலியும் வீக்கமும் இறுக்கமும் உண்டாகும் நோயாகும். சித்த மருத்துவம் இதனை அழல் கீல்வாயு என்று குறிப்பிடுகிறது. முதுமை, உடல் எடை, பழைய காயம், மரபு ஆகியவற்றோடு செய்யும் தொழிலும் இதற்கு ஒரு காரணம். பல ஆண்டுகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தும் சுமை தூக்கியும் உழைப்போருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம்.

கடலூர் மாவட்டத்தில் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில், அச்சில் வார்ப்பதும் சூளையில் அடுக்குவதும் இறக்குவதும் பலருக்கு அன்றாட வேலை. முழங்கால் முடங்கினால் இத்தகைய வேலைக்குப் போக முடியாது; கூலியும் வராது. ஆகவே "ஓர் ஊசியில் சரியாகிவிடும்" என்ற சொல்லுக்கு இங்கே மதிப்பு அதிகம். அந்தச் சொல்லின் நூறாண்டு வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

வலி எங்கிருந்து வருகிறது?

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. இரத்த ஓட்டம் இல்லாததால், தேய்ந்த பகுதி தானாக வளர்ந்து நிரம்புவதில்லை. நரம்பு இல்லாததால், வலி குருத்தெலும்பில் தோன்றுவதும் இல்லை. மூட்டின் உட்சவ்வு, அடியிலுள்ள எலும்பு, சுற்றியுள்ள தசைநார்கள் ஆகியவையே வலியை உணர்த்துகின்றன. பெரிய அறுவை இல்லாமல் செய்யப்படும் சிகிச்சைகள் பெரும்பாலும் குறிவைப்பது இந்த வலியைத்தான்.

நுண்துளை அறுவை

1918இல் தோக்கியோவில் கென்ஜி தகாகி என்பவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியைக் கொண்டு ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் நோக்கினார். அவருடைய மாணவர் மசாகி வதனபே 1962இல் இம்முறையில் கிழிந்த மூட்டுச் சவ்வின் ஒரு பகுதியை அகற்றினார். பின்னர் ஆர்த்ராஸ்கோப்பி உலகெங்கும் பரவியது. தேய்ந்த மூட்டையும் சிறு துளை வழியாகக் கழுவிச் சுரண்டிச் சீர்செய்யும் வழக்கம் வந்தது. நோயாளிகள் பலர் வலி குறைந்ததாகக் கூறினர்.

2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. 180 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முதல் பிரிவினருக்கு மூட்டு சுரண்டிச் சீர்செய்யப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்குக் கழுவப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்தனர். எவருக்கும் தாம் எந்தப் பிரிவு என்று தெரியாது. இரண்டு ஆண்டுகள் கவனித்ததில், உண்மையான அறுவை போலி அறுவையை விட மேலானதாக இல்லை. 2017இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, தேய்மானம் உள்ள ஏறத்தாழ அனைவருக்கும் இவ்வறுவை வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

போலிச் சிகிச்சையோடு ஏன் ஒப்பிட வேண்டும்? மூட்டு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் போகிறோம். அடுத்த சில வாரங்களில் அது தானாகவே சற்றுக் குறையக்கூடும். சிகிச்சை மீதுள்ள நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். இவற்றைக் கழித்துப் பார்த்தால்தான் சிகிச்சையின் உண்மையான பங்கு தெரியும்.

மூட்டுக்குள் ஊசி

1951இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஹாலண்டர், மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும் முறையை விவரித்தார். இது சில வாரங்கள் வலியைத் தணிக்கும். ஆனால் 2017இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் இவ்வூசி போட்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் குறைந்திருந்தது; வலியில் வேறுபாடு இல்லை.

ஜெல் ஊசியில் இருப்பது ஹையலூரோனிக் அமிலம். 1934இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகியோர் மாட்டின் கண்ணிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். 1997இல் அமெரிக்கா இவ்வூசியை முழங்காலுக்கு அனுமதித்தது. 2013இல் அந்நாட்டு எலும்பு மருத்துவர் கழகமே இதைப் பரிந்துரைக்க மறுத்தது.

நோயாளியின் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடுவது பி.ஆர்.பி. ஊசி. 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வு, ஓராண்டு முடிவில் இது உப்புநீர் ஊசியை விடக் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை என்று கண்டது.

நரம்பும் இரத்தக் குழாயும்

2011இல் கொரிய மருத்துவர்கள், முழங்காலிலிருந்து வலியை எடுத்துச் செல்லும் சிறு நரம்புகளை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்கச் செய்தனர். 38 முதியவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில் பலருக்கு வலி கணிசமாகக் குறைந்தது. நரம்பு மீண்டும் வளர்வதால், மாதங்கள் கழித்து வலி திரும்பக்கூடும்.

2015இல் ஜப்பானின் யூஜி ஒகுனோ, வீங்கிய உட்சவ்வில் புதிதாக முளைத்த நுண்குழாய்களை மெல்லிய குழல் வழியாக அடைக்கும் முறையை 14 பேரிடம் செய்த அனுபவத்தை வெளியிட்டார். இம்முறையைப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட சிறு ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. இவ்விரண்டு முறைகளும் தேய்ந்த குருத்தெலும்பை மீட்பதில்லை.

நிலைத்து நிற்பவை

தொடைத் தசையை வலுவாக்கும் உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டுப் பயன் உறுதியானவை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் சேவையும் உண்டு.

மூட்டு முற்றிலும் பழுதானால் மாற்று அறுவை பயன் தரும். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்காலுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என அப்போது நிர்ணயிக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இவ்வறுவை செய்யப்படுகிறது.

புதிய சிகிச்சை எதையும் வெறுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் புதியதே. ஆனால் பல மாதக் கூலியைச் செலவிடும் முன், மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்பது நோயாளியின் உரிமை: "இது போலிச் சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டதா? பயன் எத்தனை மாதம் நீடிக்கும்?"