பட்டா போடும் நாள்

எங்கள் தாத்தா கொல்லர். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற நாளில் சிறுவர்களைப் பட்டறைப் பக்கம் அண்டவிட மாட்டார். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகவே அடித்திருப்பார். அதைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார். 14 அடி நீள இரும்பு 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 1 அங்குலம் நீளும். தாத்தாவுக்கு டிகிரி தெரியாது, நிறம் தெரியும். மூன்று பேர் குறடால் தூக்கி மாட்டியதும் வட்டை புகையும். "தண்ணி ஊத்துடா!" சுருங்கும் இரும்பு ஆரக்கால்களைக் குடத்துக்குள் நெருக்க, மரம் நெறுநெறுவென்று முனகும். ஆணியைவிட அந்தப் பிடியைத்தான் அவர் நம்பினார்.

டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல். பல பத்தாண்டு கழித்து அது எங்கள் ஊர் வண்டிக்கும் வந்தது. வரட்டி அடுப்போடு நின்றது.