சிலந்திச்செடிக்கு நீரிடுதல்

சிலந்திச்செடி (குளோரோஃபைட்டம் கொமோசம்) என்பது புல்லைப் போன்ற நீண்ட இலைகளுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஓர் அழகுத் தாவரம் ஆகும். இதன் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் ஆகும். 1794 இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க் இதனை முதன்முதலில் விவரித்தார். தோற்றத்தில் புல்லை ஒத்திருப்பினும் இது புற்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. தண்ணீர்விட்டான் கொடி இடம்பெறும் அசுபராகேசியே குடும்பத்தில் வகைப்படுத்தப்படுகின்றது. சென்னையின் கிண்டி, அடையாறு, மயிலாப்பூர் முதலிய பகுதிகளில் அடுக்ககப் பால்கனிகளிலும் அலுவலகங்களிலும் இச்செடி பரவலாகக் காணப்படுகின்றது. எளிதில் வளரக்கூடியது எனப் பெயர் பெற்ற இச்செடி பட்டுப்போவதற்குப் பெரும்பாலும் நீர்க்குறைவு காரணமாவதில்லை. அளவுக்கு மிஞ்சிய நீரே காரணமாகின்றது.

வேரின் இயல்பு

இச்செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால், வெண்ணிறமான தடித்த வேர்கள் கொத்தாகக் காணப்படும். தண்ணீர்விட்டான் கிழங்கைப் போலவே இவையும் நீரைச் சேமித்து வைக்கின்றன. ஆகவே நன்கு வளர்ந்த செடி சில நாட்கள், குளிர்ந்த நிழலான இடத்தில் ஒரு வாரத்திற்கும் மேல், நீரின்றித் தாக்குப்பிடிக்கும். மாறாக, மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் வேர் அழுகுகின்றது. வேர்களுக்கும் ஆக்சிசன் தேவை. நீரினூடே ஆக்சிசன் பரவும் வேகம் காற்றில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு என்பதால், மண்ணின் துளைகள் நீரால் நிரம்பியே இருக்கும்போது வேர் மூச்சடைத்துப் போகின்றது. பித்தியம் போன்ற அழுகல் நுண்ணுயிரிகள் பெருகுவதும் அத்தகைய மண்ணிலேயே ஆகும்.

நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் செடிகள் பல தென்னை நார்க்கழிவில் வளர்க்கப்பட்டவை. நார்க்கழிவு மேலே வெளுத்து உலர்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மேற்பரப்பைக் கண்ணால் மட்டும் பார்த்து நீர் ஊற்றுவோர் ஏமாறுவது இதனால்தான். விரலை இரண்டு கணு அளவிற்கு மண்ணுள் விட்டுப் பார்ப்பதோ, தொட்டியைத் தூக்கி எடையை உணர்வதோ நம்பகமான முறையாகும். ஈரம் இல்லையெனில், அடித்துளை வழியே நீர் வடியும்வரை ஊற்ற வேண்டும். நாள்தோறும் ஒரு குவளை என்ற வழக்கம் இச்செடிக்குப் பொருந்தாது.

பருவங்கள்

தோட்டக்கலை நூல்கள் பலவற்றில் 'கோடையில் மிகுதியாகவும் குளிர்காலத்தில் குறைவாகவும் நீர் விடுக' என்று காணப்படும். இது குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்டது. இலண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே எட்டு மணி நேரத்திற்கும் மேல் வேறுபாடு உண்டு. ஒளி குன்றும்போது செடியின் வளர்ச்சியும் குன்றுகின்றது. 13 பாகை வட அகலாங்கில் உள்ள சென்னையில் இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. மார்கழி இரவுகளிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கின்றது. ஆகவே இங்கு நீரின் அளவைத் தீர்மானிப்பது குளிரன்று, வடகிழக்குப் பருவமழையே ஆகும்.

சென்னையின் ஆண்டு மழைப்பொழிவு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். இதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் திசம்பர் வரையான மூன்று மாதங்களில் பெய்கின்றது. 2015 நவம்பரில் மட்டும் 1000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மூடியிருப்பதாலும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதாலும் தொட்டி மண் உலர நெடுநாட்கள் ஆகும். சாரல் படும் பால்கனியில் உள்ள செடிக்கு இக்காலத்தில் நீரே தேவைப்படாமல் போகலாம். தொட்டியைச் சுவரோரமாக நகர்த்தி வைப்பது நன்று.

தை பிறந்து மழை ஓய்ந்த பின் வாரம் ஒருமுறை அல்லது இருமுறை நீர் போதுமானது. பங்குனி முதல் தேவை கூடும். மே மாதக் கத்திரி வெயிலில், மேற்கு நோக்கிய பால்கனியில் உள்ள சிறிய மண்தொட்டிக்கு நாள்தோறும் நீர் தேவைப்படக்கூடும். அதே அளவுள்ள நெகிழித் தொட்டிக்கு இரண்டு நாட்களுக்கு ஒருமுறை போதும். நேரடி வெயில் இலைகளைக் கருக்கிவிடும். அதற்கு எவ்வளவு நீர் ஊற்றினாலும் பயனில்லை. ஆடி, ஆவணி மாதங்களின் மாலை மழையை நம்பி நீரை நிறுத்திவிடக் கூடாது. அம்மழை பெரும்பாலும் மண்ணின் மேற்பரப்பையே நனைக்கின்றது.

குளிரூட்டப்பட்ட அறைகளுக்கு இக்கணக்கு எதுவும் பொருந்தாது. கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ளவை போன்ற அலுவலகங்களில் ஆண்டு முழுதும் ஒரே வெப்பநிலை, குறைந்த ஒளி. அங்கே ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை நீர் விட்டால் போதுமானது. துப்புரவுப் பணியாளர், அலுவலர் என இருவரும் தனித்தனியே ஊற்றும் செடிகள் நெடுநாள் நிலைப்பதில்லை.

நீரின் தரம்

இலை நுனி பழுப்பு நிறமாகக் கருகுவது இச்செடியில் அடிக்கடி காணப்படும் குறையாகும். சிலந்திச்செடி புளோரைடுக்கு எளிதில் பாதிப்படையும் தாவரம். அமெரிக்காவில் பல ஊர்களின் குடிநீரில் புளோரைடு சேர்க்கப்படுவதால் அந்நாட்டு நூல்கள் அதனையே முதற்காரணமாகக் கூறுகின்றன. இந்தியாவில் குடிநீரில் புளோரைடு சேர்க்கப்படுவதில்லை. நிலத்தடி நீரில் இயற்கையாக இருந்தால்தான் உண்டு. சென்னையில் முதலில் ஐயுற வேண்டியது ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பையே ஆகும். குடிநீரில் கரைந்த திண்மங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு நீர் இல்லாதவிடத்து 2000 வரை அனுமதிக்கின்றது. மனிதர் குடிக்கத் தக்க நீரும் தொட்டியில் மாதக்கணக்கில் ஆவியாகி உப்பை விட்டுச்செல்லும்போது வேருக்குத் தீங்காகின்றது. மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் படியும் வெள்ளைப் பொருக்கு இதன் அடையாளம்.

நீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும். உப்பும் புளோரைடும் வெளியேறா. நீர்த்தேக்கங்கள் வறண்ட 2019 கோடையில், ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைச் செடிகளுக்குப் பயன்படுத்துமாறு பலரும் பரிந்துரைத்தனர். சிக்கனத்திற்கு ஏற்ற அறிவுரைதான். ஆனால் அந்நீரில் உப்பு செறிந்திருப்பதால் சிலந்திச்செடிக்கு அது ஒவ்வாது. அதனை வீடு துடைக்கப் பயன்படுத்திவிட்டு, குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரைச் செடிக்கு விடலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து உருவான அந்நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதன் குழாயிலிருந்து ஒரு மூடிய வாளியில் பிடித்து வைத்தால் ஓரிரு செடிகளுக்குச் சில வாரங்கள் போதும்.

உப்பு ஏறிய மண்ணைக் கழுவ, தொட்டியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும். கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. புதிய இலைகளைப் பார்த்தே பலனை அறியலாம்.

அறிகுறிகள்

நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் இலைகள் துவளும் என்பதால் குழப்பம் நேர்கின்றது. நீர் குறைந்த செடியின் இலைகள் நீளவாக்கில் மடிந்து வெளிறும், தொட்டி எடையற்றிருக்கும், நீர் விட்டால் பெரும்பாலும் ஒரே நாளில் நிமிரும். நீர் மிகுந்த செடியில் இலையடி மென்மையாகிக் கறுக்கும், மண்ணில் புளித்த வாடை வீசும். இந்நிலையில் மேலும் நீர் ஊற்றுவது செடியைக் கொன்றுவிடும். அழுகிய வேர்களை வெட்டி நீக்கி, மணல் கலந்த புதிய மண்ணில் நட வேண்டும்.

ஊற்றிய நீர் உடனே கீழே ஓடிவிடுமானால், கிழங்குவேர்கள் தொட்டியை நிறைத்து மண்ணுக்கு இடமின்றிச் செய்துவிட்டன எனக் கொள்ளலாம். தற்காலிகமாகத் தொட்டியை வாளி நீரில் இருபது நிமிடம் அமிழ்த்தி வைக்கலாம். நிலையான தீர்வு பெரிய தொட்டிக்கு மாற்றுவதே ஆகும்.

அடித்தட்டில் வடிந்த நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். தேங்கிய நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடுகின்றது. அதன் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உலர்ந்தும் உயிர்த்திருக்கும். ஆதலின் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.