தாத்தாவின் துப்பாக்கியில் ஒரு நட்சத்திரம்

அமெரிக்காவில் ஒரு பெரியவர் காலமானால், அவருடைய மேஜை டிராயரிலிருந்து சில சமயம் ஒரு ரிவால்வர் வெளியே வரும். கூடவே ஒரு குடும்பக் கதையும் வரும். 'நம்ம கொள்ளுத் தாத்தா உள்நாட்டுப் போருக்குக் கொண்டுபோனது இது!' கதை நிஜமென்றால் பேரனுக்கு ஆயிரக்கணக்கில் டாலர். இல்லையென்றால் சில நூறு.

இப்படி அடிக்கடி அகப்படுவது '1851 நேவி' மாடல். சாமுவேல் கோல்ட் கம்பெனி 1873 வரை ஹார்ட்ஃபோர்டில் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரித்துத் தள்ளியது. ஆக, தாத்தா வீட்டில் ஒன்று இருந்திருக்கலாம். சிக்கலே அதுதான்.

1861-65 போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, பழைய துப்பாக்கிக்கு அமெரிக்காவில் ஏக கிராக்கி. வால் ஃபோர்கெட் என்ற அமெரிக்க வியாபாரி இத்தாலிக்கே போய் ஆர்டர் கொடுத்தார். கிரெகோரெல்லியும் ஆல்டோ உபெர்ட்டியும் அச்சு அசலாகச் செய்து கொடுத்தார்கள். இன்றைக்கு டிராயரில் கிடைப்பதில் பல, அந்த வம்சம்.

ஒரு எச்சரிக்கை. நகல் என்றால் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். முன்பக்கமாகக் கருமருந்தும் குண்டும் திணித்து, பின்னால் நம்ம தீபாவளிக் கேப்பு மாதிரி ஒரு சின்ன செப்புத் தொப்பி மாட்டினால், நிஜமாகவே சுடும். தாத்தா திணித்தது உள்ளேயே இருக்கலாம். கருமருந்துக்கு எக்ஸ்பைரி தேதி கிடையாது. முதலில் விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துக் காலி செய்யவேண்டும். ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

சிலிண்டரில் 1843 காம்பெச்சே கடற்போர்க் காட்சி செதுக்கியிருக்கிறதா? சந்தோஷம். ஆனால் நகலிலும் அதைச் செதுக்குகிறார்கள். பிடியைச் சுற்றிய பட்டை பித்தளையா? ஒரிஜினலிலும் பித்தளைதான். ஆனால் நடு உடம்பே பித்தளை என்றால் அது கோல்ட் இல்லை. போரில் தென் மாநிலத் தரப்புக்காக ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் என்பவர் பித்தளை உடம்பில் செய்தார். மொத்தமே சுமார் 3,700. அவற்றில் கப்பல் படம் கிடையாது. பித்தளை உடம்பும் கப்பல் படமும் ஒன்றாக இருந்தால், தாத்தா கடையில் வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். காலிபர் .44 என்றாலும் அதே கதை. ஒரிஜினல் நேவி .36தான்.

பெரிய சாட்சி முத்திரை. இத்தாலியில் அரசாங்கச் சோதனைச் சாலையில் சுட்டுப் பார்க்காமல் எந்தத் துப்பாக்கியும் விற்பனைக்கு வராது. ஒரு நட்சத்திரம், கீழே 'பி.என்.' என்ற எழுத்து. இத்தாலிய மொழியில் கருமருந்து என்பதன் சுருக்கம். பக்கத்தில் சின்னப் பெட்டிக்குள் வருடக் குறியீடு. ரோமன் எண்ணில் 20 என்றால் 1964. 'ஏ.ஏ.' என்றால் 1975. வவுச்சரில் தேதி போட்ட மாதிரி! மேலே காணோமா? குழலுக்கு அடியில், குண்டு திணிக்கும் நெம்புகோலை இறக்கிப் பார்க்கவேண்டும். பல கம்பெனிகள் பெயரை அங்கேதான் ஒளித்து வைத்தன.

முத்திரையை அரத்தால் ராவி, ஆசிட்டில் துருவேற்றி, 'அசல்' என்று விற்ற கில்லாடிகளும் உண்டு. ராவிய இடம் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும்.

இன்னொரு கூத்து. 1971-ல் கோல்ட் கம்பெனியே பழைய நேவியை மறுபடி விற்க ஆரம்பித்தது. கரடுமுரடான பாகங்கள் வந்தது உபெர்ட்டியிடமிருந்து! கோல்ட் பெயர், கோல்ட் பெட்டி, கோல்ட் பில். கொள்ளுத் தாத்தாவுக்கும் அதற்கும் மட்டும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.